புயலில் தகரக் கூரை ஏன் பெயர்கிறது? ஜன்னலைத் திறந்து வைப்பது உதவுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மொரீஷியஸ் தீவின் ஃப்ளாக் பக்கத்தில் உள்ள உங்கள் வீட்டின் முன்பகுதிக்குக் கான்கிரீட் கூரை. பின்னால் சேர்த்துக் கட்டிய அறைக்கும் வராந்தாவுக்கும் நெளிதகரக் கூரை. புயல் வரும்போது வெளியே காற்றழுத்தம் குறைந்துவிடுவதால் வீட்டுக்குள் அடைபட்ட காற்று கூரையை வெடித்துத் தள்ளிவிடும் என்றும், அதனால் காற்று அடிக்காத பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும் என்றும் உங்கள் மாமனார் சொல்கிறார். இயற்பியல் படிக்கும் உங்கள் மகள், அது பெர்னூலி விதி, கூரைக்கு மேலே காற்று வேகமாகப் போவதால் அங்கே அழுத்தம் குறைகிறது என்கிறாள். பக்கத்து வீட்டார் தகரத்தின் மேல் சிமெண்ட் பிளாக்குகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கூரையைத் தூக்கும் விசை எது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு பெரியது என்பதே இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி. அது தெளிந்தால் ஜன்னலையும் பிளாக்கையும் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். இந்தத் தீவில் கட்டட அமைப்புப் பொறியாளராகப் பல ஆண்டுகள் கூரைகளையும் கொட்டகைகளையும் கணக்கிட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மாமனாரின் பயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஓர் உண்மையான எண் இருக்கிறது. 1960 பிப்ரவரியில் கரோல் புயல் மொரீஷியஸைக் கடந்தபோது இங்கே காற்றழுத்தம் 943 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. கடல் மட்டத்தில் வழக்கமான அழுத்தம் ஏறத்தாழ 1013. வித்தியாசம் 70 ஹெக்டோபாஸ்கல், அதாவது 7000 பாஸ்கல். ஒரு வீட்டைக் காற்றுப் புகாமல் முழுவதும் அடைத்து வைத்திருந்தால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 700 கிலோ எடைக்குச் சமமான விசை உள்ளிருந்து மேலே தள்ளும். எந்தச் சாதாரணக் கூரையும் அதைத் தாங்காது. ஆனால் அந்த வித்தியாசம் ஒரே நொடியில் வருவதில்லை, மணிக்கணக்கில் வருகிறது. அழுத்தம் ஒரு மணி நேரத்தில் 30 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது என்று மிகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 200 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தில் வெளியேற வேண்டிய காற்று ஏறத்தாழ 6 கன மீட்டர், அதாவது நொடிக்கு இரண்டு லிட்டருக்கும் குறைவு. ஒரே ஒரு கதவின் அடியில் உள்ள அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும், அவ்வளவு காற்றும் தானாகவே வெளியேறிவிடும். அப்படி வெளியேறுவதற்கு உள்ளும் புறமும் இருக்க வேண்டிய அழுத்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ கால் பாஸ்கல்தான் வருகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 25 கிராம். நம் வீடுகளில் ஜன்னல் சட்டங்கள், கதவுகள், தகரத்தின் நெளிவுகள், கூரை சுவரில் உட்காரும் இடம் என்று இடைவெளிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே புயலின் குறைந்த காற்றழுத்தத்தால் வீடு வெடிக்கும் என்பது நடக்காத ஒன்று. இதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை.

அப்படியானால் கூரையைத் தூக்குவது எது? காற்றின் வேகம்தான். ஓடும் காற்றை ஒரு சுவர் தடுத்து நிறுத்தும்போது உண்டாகும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று கொள்ளலாம். நம் வானிலைத் துறை ஒன்றிலிருந்து நான்கு வரை உயரும் புயல் எச்சரிக்கைகளில் உச்சமான நான்காம் வகுப்பை விடுக்கும் நிலையான மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சில், அதாவது அந்த வேகத்தில் திடீரென்று பாயும் காற்றில், இந்த அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 68 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்து 240 ஆனால் அழுத்தம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 272 கிலோவாகிறது. கரோலில் பதிவான 256 கிலோமீட்டர் வீச்சில் 300 கிலோவைத் தாண்டும். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலில் இத்தீவின் மோன் தெசேர் அல்மாவில் பதிவான 280 கிலோமீட்டர் வீச்சில் ஏறத்தாழ 370 கிலோ. சென்ற புயலில் தாங்கிய கூரை இந்தப் புயலிலும் தாங்கும் என்று மக்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலை உண்டாவது இந்த வர்க்கக் கணக்கால்தான். வேகம் நான்கில் ஒரு பங்கு கூடினாலே விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது சராசரி வேகமும் அன்று. சில நொடிகளே நீடிக்கும் வீச்சின் வேகம். தகரம் பெயர்வதற்கு அந்தச் சில நொடிகள் போதும்.

இனி உங்கள் மகள் சொன்ன பெர்னூலிக்கு வருவோம். அவள் சொல்வது திசையளவில் சரி: கூரைக்கு மேலே அழுத்தம் குறைகிறது, கூரை மேல் நோக்கி உறிஞ்சப்படுகிறது. ஆனால் அந்த விதியை நேராகக் கூரை மேல் வைத்துக் கணக்கிட முடியாது. உராய்வும் சுழலும் இல்லாமல் ஒழுகும் காற்றில், ஒரே ஓட்டக் கோட்டின் வழியாகத்தான் அது செல்லும். சுவரில் மோதி மேலேறும் காற்று கூரை விளிம்பில் வளைந்து கூரையோடு ஒட்டிப் போவதில்லை. விளிம்பிலேயே பிரிந்து மேலே பாய்கிறது. பிரிந்த ஓட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவே சுழல்கள் உருவாகின்றன. காற்று வீட்டின் மூலையை நோக்கிச் சாய்வாக வரும்போது, அந்த மூலையிலிருந்து இரண்டு விளிம்புகளின் வழியாகவும் கூம்பு வடிவச் சுழல்கள் நீள்கின்றன. மிகக் கடுமையான உறிஞ்சல் அவற்றின் அடியில்தான். இந்த எண்களைப் பொறியாளர்கள் பெர்னூலியிலிருந்து பெறுவதில்லை. காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிக் கட்டடங்களை வைத்து அளந்து பெறுகிறார்கள். சரிவு குறைந்த கூரையின் நடுப்பகுதியில் உறிஞ்சல் மேலே சொன்ன அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால், விளிம்புகளிலும் மூலைகளிலும் அதன் இரு மடங்கும் அதற்கு மேலும் வரலாம். புயல் கடந்த மறுநாள் ஊரைச் சுற்றிப் பார்த்தால் இதைக் கண்ணால் காணலாம்: மூலைத் தகரமும் இறவாரத் தகரமும் முதலில் போயிருக்கும், நடுவில் உள்ளவை பெரும்பாலும் அவற்றைத் தொடர்ந்தே போயிருக்கும். கூரையை 30 பாகை அளவுக்குச் சரிவாகக் கட்டினால் காற்று மோதும் பக்கத்தில் உறிஞ்சல் வெகுவாகக் குறைகிறது. நான்கு பக்கமும் சரிந்த கூரை, இரண்டு பக்கம் மட்டும் சரிந்ததைவிட நன்றாகத் தாங்குகிறது. தட்டையாகப் போட்ட தகரமே எல்லாவற்றிலும் மோசம். பின்கட்டுகளில் நாம் பெரும்பாலும் போடுவது அதைத்தான் என்பது வருத்தத்துக்குரியது.

மேலே உறிஞ்சுவது பாதிக் கதை. உள்ளிருந்து தள்ளுவது மற்றொரு பாதி. மாமனாரின் அறிவுரையில் உள்ள உண்மையும் இங்கேதான் இருக்கிறது. காற்று மோதும் பக்கத்தில் ஒரு ஜன்னல் உடைந்தாலோ கதவு பிய்ந்தாலோ, காற்று உள்ளே புகுந்து நொடிப்பொழுதில் அறை முழுவதும் அழுத்தத்தை உயர்த்திவிடுகிறது. அந்த உயர்வு, மோதும் காற்றின் முழு அழுத்தத்தில் 70, 80 சதவீதம் வரை போகலாம். மேலே உறிஞ்சல், கீழே தள்ளல் என்று இரண்டும் ஒரே திசையில் சேர்வதால் கூரையின் மீதான விசை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். ‘ஜன்னல் உடைந்தது, உடனே கூரை போய்விட்டது’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். வீடு வெடித்தது போன்ற அந்தத் தோற்றமே காற்றழுத்தக் குறைவைப் பற்றிய நம்பிக்கைக்கு வழிவகுத்திருக்கும் என்பது என் ஊகம். இதற்கு நேர்மாறாக, காற்று மறைவான பக்கத்தில் மட்டும் திறப்பு இருந்தால் உள்ளே அழுத்தம் குறையும். கூரை சற்றே கீழ்நோக்கி இழுக்கப்படும். ஆகவே காற்று ஒரே திசையிலிருந்து மாறாமல் அடிக்குமானால் மாமனாரின் யோசனை பலன் தரும்.

ஆனால் புயலில் காற்று ஒரே திசையில் நிற்பதில்லை. நாம் இருக்கும் தென் அரைக்கோளத்தில் புயல் கடிகார முள் திசையில் சுழல்கிறது. வடகிழக்கிலிருந்து நெருங்கும் புயல் முதலில் நமக்குத் தென்கிழக்குக் காற்றைத் தருகிறது. அதன் மையம் தீவுக்கு வடமேற்கே கடந்து போனால் காற்று கிழக்கு, வடகிழக்கு, வடக்கு என்று திரும்பும். தென்கிழக்கே கடந்து போனால் தெற்கு, தென்மேற்கு என்று திரும்பும். புயலின் நடுவே காற்றடங்கிய பகுதியான கண் நேராக நம் தலைக்கு மேல் வந்தால், ஓர் அமைதிக்குப் பிறகு வடமேற்கிலிருந்து முழு வேகத்தில் திரும்ப அடிக்கும். மாலையில் மறைவாக இருந்த ஜன்னல் நள்ளிரவில் காற்றுக்கு நேர் முகமாகிவிடும். மின்சாரம் இல்லாத இருட்டில், அந்தக் காற்றில், திறந்த ஜன்னலை அடைக்க உங்களால் முடியாது. மேலே சொன்ன இரு மடங்கு விசைக்கு நீங்களே வாசலைத் திறந்துவிட்டவர்களாவீர்கள். ஒரு ஜன்னல் மறைவாக இருக்கிறதா என்பதைப் பக்கத்து வீடும் மதிலும் திருப்பிவிடும் காற்று இன்னும் குழப்பும். அமெரிக்காவில் டொர்னாடோ வரும்போது ஜன்னல்களைத் திறந்து வைக்கும்படி முன்பு அறிவுரை தந்து வந்தார்கள். இதே காரணங்களால் அதைப் பிறகு கைவிட்டார்கள். ஆகவே என் பதில்: எல்லாவற்றையும் மூடி வையுங்கள், மூடியது உடையாதபடி காப்பாற்றுங்கள். கண்ணாடிக்கு வெளியே பலகைக் கதவோ, சட்டத்தில் திருகாணியால் முடுக்கிய தடித்த பிளைவுட்டோ இருப்பது, பறந்து வரும் பொருள்கள் கண்ணாடியை உடைப்பதைத் தடுக்கும். கண்ணாடி மேல் குறுக்காக ஒட்டும் டேப் அந்த வேலையைச் செய்யாது. கண்ணாடிக்கு அது எந்த வலிமையையும் தருவதில்லை.

வராந்தாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவரில் மோதி நின்ற காற்று வராந்தாக் கூரையின் அடியில் சிக்கிக்கொண்டு, ஜன்னல் எதுவும் உடையாமலேயே, அதை மேலே தள்ளுகிறது. மேற்புறத்தில் உறிஞ்சலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, மோதும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டு 3 மீட்டருக்கு 4 மீட்டர் உள்ள வராந்தாவைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ, மொத்தம் 1200 கிலோ. அந்தத் தகரத்தின் எடையோ, அரை மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.5 கிலோதான், 12 சதுர மீட்டருக்கு 54 கிலோ. மரச் சட்டங்களையும் சேர்த்தாலும் மீதமுள்ள ஆயிரத்துச் சொச்சம் கிலோவை எடையால் மட்டுமே சமன் செய்ய, 15 முதல் 20 கிலோ எடையுள்ள சிமெண்ட் பிளாக்குகள் ஐம்பதுக்கும் மேல் வேண்டும். 200 கிலோமீட்டர் வீச்சுக்கு அதன் மூன்று மடங்கு. அத்தனையையும் ஏற்றினால் கூரை காற்றில்லாத நாளிலேயே கீழே வந்துவிடும். ஏழெட்டு பிளாக்குகளை மட்டும் வைத்தால், தகரம் தூக்கும்போது அவை சரிந்து விழும். யார் மீது, எங்கே என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டாரிடம் நயமாக எடுத்துச் சொல்லி, எச்சரிக்கை வருவதற்கு முன்பே அவற்றை இறக்கச் சொல்லுங்கள். தைப்பூசக் காவடி நம் புயல் பருவத்தின் நடுவில்தான் வருகிறது. கோயில்களில் அப்போது போடும் பக்கம் திறந்த தகரப் பந்தல்களும் இதே கணக்கில்தான் நிற்கின்றன அல்லது விழுகின்றன. இரண்டாம் வகுப்பு எச்சரிக்கையிலேயே தகரத்தைக் கழற்றிக் கட்டி வைப்பது நிர்வாகக் குழுக்களின் கடமை என்று நான் கருதுகிறேன்.

எடையால் முடியாததைப் பிணைப்பால் செய்யலாம். முன் சொன்ன 200 கிலோமீட்டர் வீச்சில் வராந்தாக் கூரையின் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 280 கிலோ விசையோடு மேலே இழுக்கப்படுகிறது. அந்தப் பரப்பில் ஐந்து திருகாணிகள் இருந்தால் ஒவ்வொன்றும் 56 கிலோ தாங்க வேண்டும். நல்ல மரத்தில் இறங்கிய திருகாணிக்கு அது பெரிய சுமை அன்று. வழவழப்பான ஆணியோ மரத்தின் பிடிப்பை மட்டுமே நம்பியிருக்கிறது. பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கி விரிந்தபின் அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும். அத்துடன் இன்னொரு ஆபத்தும் உண்டு. புயல் காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. மணிக்கணக்கில் ஆயிரக்கணக்கான முறை இழுத்து இழுத்து விடுகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் அது முறிவதைப் போல, ஆணித் தலையைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு விரிசல் விட்டு, ஆணி மரத்திலேயே நிற்க, தகரம் மட்டும் கழன்று போகிறது. 1974 டிசம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் அழித்தபோது கூரைகள் பெயர்ந்ததற்கு இந்த உலோகச் சோர்வு ஒரு முதன்மைக் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அதன் பிறகே அங்கே கூரைத் தகடுகளை மீண்டும் மீண்டும் இழுத்துச் சோதிக்கும் முறை வந்தது. ஆகவே திருகாணிக்கு அடியில் அகலமான வாஷர் அவசியம். விளிம்புகளிலும் மூலைகளிலும் முகட்டிலும் திருகாணிகளின் எண்ணிக்கையை இரட்டியுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

திருகாணியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தகரம் குறுக்குச் சட்டத்தை இழுக்கிறது. சட்டம் கைமரத்தை இழுக்கிறது. கைமரம் சுவரை இழுக்கிறது. சுவர் அடித்தளத்தை இழுக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி வலிமை குறைந்ததோ அங்கேதான் கூரை பிரியும். தகரத்தை மட்டும் நன்றாக முடுக்கிவிட்டுக் கைமரத்தை இரண்டு ஆணியால் சுவர் மேல் வைத்திருந்தால், தகரம் தனியாகப் போகாது, கூரை முழுதும் ஒன்றாகப் போகும். ஒவ்வொரு கைமரத்தையும் சுவரின் தலைப்பில் ஓடும் கம்பியிட்ட கான்கிரீட் பட்டியோடு துருப்பிடிக்காத இரும்புப் பட்டையாலோ போல்ட்டாலோ பிணைக்க வேண்டும். வராந்தாத் தூண்களுக்கும் அப்படியே. தூண் கூரையைத் தாங்குவதற்காக மட்டுமன்று, அதைக் கீழே பிடித்து வைப்பதற்காகவும் இருக்கிறது. கரோலுக்குப் பிறகு இத்தீவில் கான்கிரீட் கூரைகள் பரவியதற்கும் இந்தக் கணக்கே காரணம்: 15 சென்டிமீட்டர் தடிப்புள்ள தளம் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ இருக்கிறது, கம்பிகளால் தூண்களோடும் பிணைந்திருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் எவை உறுதி, எவை தோராயம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அழுத்தக் குறைவால் வீடு வெடிக்காது என்பதும், விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதும், விளிம்புகளில் உறிஞ்சல் மிகும் என்பதும், காற்று மோதும் பக்கத்து ஜன்னல் உடைந்தால் ஆபத்து பெருகும் என்பதும் உறுதியானவை. வராந்தாவுக்கு நான் எடுத்துக்கொண்ட ஒன்றரை மடங்கு தோராயமானது; அதன் உயரம், சரிவு, சுற்றிலும் உள்ள வீடுகள், மேட்டின் உச்சியில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்து அது கூடவும் குறையவும் செய்யும். உங்கள் சுவரின் தலைப்பில் கம்பியிட்ட கான்கிரீட் பட்டி இருக்கிறதா, வெறும் பிளாக் மேலேயே கைமரம் உட்கார்ந்திருக்கிறதா என்பதை நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். பட்டி இல்லையென்றால் இரும்புப் பட்டையைப் பிணைக்க இடமே இல்லை, வேலையின் அளவே மாறிவிடும். அதை ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வசதி இல்லையென்றால், நவம்பரில் பருவம் தொடங்குவதற்குள் கைமரங்களைச் சுவரோடு பிணைப்பதை முதலில் முடியுங்கள். அடுத்து விளிம்புத் திருகாணிகள், பிறகு ஜன்னல் பலகைகள். எவ்வளவு செய்திருந்தாலும், மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்ததும் பின்கட்டு அறையில் யாரும் தங்காமல் கான்கிரீட் கூரையுள்ள முன்பகுதிக்கு வந்துவிடுங்கள், இரண்டுக்கும் இடையிலுள்ள கதவை உறுதியாகத் தாழிடுங்கள். நடுவே காற்று சட்டென்று அடங்கினால், தகரத்தைச் சரிசெய்ய யாரையும் கூரை மேல் ஏறவிடாதீர்கள்; அது புயலின் கண்ணாக இருக்கலாம், அடுத்த காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.